எந்த மரத்தில் கண்டது?

புழு ஒன்றின் படத்தை அனுப்பிவிட்டு, கீழே மொட்டையாக "இது விஷமா?" என்று கேட்பவர்களை எனக்குக் கண்ணில் காட்டக் கூடாது. எங்கே கண்டது என்று எழுத மாட்டார்கள். எந்த மரம் என்று சொல்ல மாட்டார்கள். நீளம் தெரிவதற்குப் பக்கத்தில் ஒரு தீக்குச்சியை வைத்துப் படம் எடுக்கலாம் என்ற யோசனை ஒருவருக்கும் வராது. பாதிப் படங்கள் மங்கல். மீதிப் படங்களில் புழுவைச் செருப்பால் அடித்துக் கூழாக்கியிருப்பார்கள். அந்தக் கூழைப் பார்த்து நான் பெயர் சொல்ல வேண்டும்.

இத்தனைக்கும் நான் படித்தவன் இல்லை. முருங்கனில் ஒரு நெல்லுக் களஞ்சியத்தில் பொறுப்பாக இருக்கிறேன். கிழமை நாட்களில் அங்கேயே தங்கிவிடுவேன். சொந்த ஊர் பேசாலை. கடற்கரை ஊரில் பிறந்தவனுக்குப் புழுவில் என்ன வேலை என்று கேட்டால், அதற்கு என் மனைவியின் கல்லறையில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

அவள் போய் ஏழு வருடம். பேசாலைச் சேமக்காலையில், கடல் பக்கச் சுவரோரம் கடைசி வரிசையில் அவளை அடக்கம் செய்தோம். அந்த மணலில் எந்தப் பூங்கன்றை வைத்தாலும் உப்புக் காற்று இரண்டு கிழமையில் கருக்கிவிடும். ரோசா வைத்தேன், செத்தது. செவ்வந்தி வைத்தேன், செத்தது. கடைசியில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் அவள் நட்டு வளர்த்த செவ்வலரியில் ஒரு தடியை வெட்டிக் கொண்டுபோய்த் தலைமாட்டில் ஊன்றினேன். அது பிடித்துக்கொண்டது. பிறகு மதில் கட்டும்போது கிணற்றடி அலரியை நானே தறித்துவிட்டேன். ஆகவே அவள் கைபட்ட மரம் என்று மிஞ்சியிருந்தது சேமக்காலையில் நின்றது மட்டும்தான்.

இரண்டாம் வருடம் மாரி தொடங்கியதும் இலைகள் குறையத் தொடங்கின. கீழே மணலில் மிளகளவு கறுப்பு எச்சம். நிமிர்ந்து பார்த்தால் என் பெருவிரலை விடத் தடித்த பச்சைப் புழு, வாலில் கட்டையாக ஒரு மஞ்சள் கொம்பு. கல்லை எடுத்துவிட்டேன். அது உடனே தலையை உள்ளே இழுத்து முதுகை வளைத்தது. கழுத்துப் பக்கம் நீல நிறத்தில் இரண்டு பெரிய கண்கள் தெரிந்தன. உண்மையான கண் இல்லை, கண் மாதிரிப் புள்ளிகள். கோபம் வந்தால் என் மனைவி என்னைப் பார்ப்பது போல இருந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். நான் கல்லைக் கீழே போட்டேன்.

ஒன்றை ஐஸ்கிரீம் பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நாள்தோறும் புது இலை போட்டேன். ஒரு காலை பெட்டியைத் திறந்தால் பச்சை போய், பழுப்பும் கறுப்புமாக, அழுகிய வாழைப்பழத் தோலின் நிறத்தில் கிடந்தது. சாகப் போகிறது என்று நினைத்தேன். சாகவில்லை. தின்பதை நிறுத்திவிட்டு, இறங்கி ஒளிக்க இடம் தேடிப் பெட்டியைச் சுற்றிச் சுற்றி ஓடியது. மணல் போட்டுச் சருகையும் போட்டேன். அதற்குள் போய்விட்டது. மூன்றாம் கிழமை வெளியே வந்த அந்துப்பூச்சியின் செட்டைகள் ஆமிக்காரரின் உடுப்பைப் போலப் பச்சையில் பச்சையாக இருந்தன. அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான்.

அதன்பிறகு கண்ட புழுவையெல்லாம் வளர்த்தேன். கடற்கரை அடம்பன் கொடியில் இருக்கும் புழுவின் கொம்பு அரிவாள் மாதிரி வழுவழுப்பாக வளைந்திருக்கும். கத்தரியிலும் எள்ளிலும் முசுட்டையிலும் வரும் புழுவின் கொம்பு சொரசொரத்து, நுனி மேல்நோக்கிச் சுருண்டிருக்கும். அதிலிருந்து வரும் பூச்சியின் முதுகில் மண்டையோடு மாதிரி ஒரு அடையாளம் இருக்கும். ஒரே இனத்துப் புழு ஒன்று பச்சையாகவும் மற்றது மண்ணிறமாகவும் இருக்கும். நிறத்தை நம்பியவன் கெட்டான். அதனால்தான் ஆர் புழு கொண்டுவந்தாலும் என் முதல் கேள்வி ஒன்றுதான்: எந்த மரத்தில் கண்டது? மரம் தெரிந்தால் பாதிப் பெயர் தெரிந்த மாதிரி.

இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டை வற்றிப்போனது. எள்ளு விதைத்த ஒரு அம்மா ஒருநாள் களஞ்சியத்துக்கு வந்தார். அவருடைய தோட்டம் முழுவதிலும் இருந்தது ஐந்து புழு. மருந்துக் கடைக்காரன் படத்தைப் பார்த்தானாம், மரம் எது என்று கேட்கவே இல்லையாம், "படைப்புழு, விட்டால் எல்லாம் போச்சு" என்று ஒரு போத்தல் நஞ்சைக் கையில் கொடுத்துவிட்டான். சோளத்தைத் தின்னும் அந்தப் புழு சுண்டுவிரல் அளவுகூட வராது. இது அரைச் சாண் நீளம். அம்மாவை அழைத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய் ஐந்தையும் கையால் பொறுக்கினேன். கால் மணித்தியாலம் ஆகவில்லை. திரும்பி வரும் வழியில் அந்தக் கடைக்குப் போய் அவனைக் கிழி கிழி என்று கிழித்தேன். அவன் சிரித்துக்கொண்டே நின்றான்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். கோபம் வந்தால் நேரே திட்டுவதை விட நக்கலாகப் பேசுவது என் பழக்கம். "நுணலும் தன் வாயால் கெடும்" என்று என் மனைவி வருடக்கணக்காகச் சொன்னாள். நான் கேட்கவில்லை.

போன வருடம் ஐப்பசியில் நடந்ததைச் சொல்கிறேன். நவம்பர் இரண்டாம் திகதி இறந்தவர்களின் நாள். அதற்கு முந்திய சனிக்கிழமை ஊரே மண்வெட்டியும் சுண்ணாம்பும் கொண்டு சேமக்காலையைத் துப்புரவாக்கும். நானும் போயிருக்க வேண்டும். ஆனால் பெரும்போகத்துக்கு விதைநெல்லுக் கொடுக்கும் நேரம். காலை ஆறு மணியிலிருந்தே வாசலில் உழவு இயந்திரங்கள் வரிசை கட்டி நின்றன. என் மனைவியின் தங்கைதான், "நீங்கள் வேலையைப் பாருங்கோ அத்தான், அக்காவின்ரை கல்லறையை நான் வடிவாச் செய்துவிடுறன்" என்றாள். பேசாலையில் எனக்கென்று இருப்பது அந்த மச்சாள் ஒருத்திதான்.

பத்து மணி போல, ஊர் வாட்சப் குழுவில் ஒரு படம் வந்தது. மணலில் ஒரு பழுப்புப் புழு. "இது என்ன புழு? விஷமா? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ." இடம் இல்லை, மரம் இல்லை. அதற்குக் கீழே ஒருவர் கடித்தால் மரணம் என்கிறார். இன்னொருவர் எங்கிருந்தோ வந்த குரல்பதிவைத் தூக்கிப் போடுகிறார். அதில் ஒருவன், தொட்டால் ஐந்து நிமிடத்தில் உயிர் போகும் என்று செய்தி வாசிப்பவன் மாதிரிச் சொல்கிறான். அந்தப் பதிவு அந்தக் கிழமை மட்டும் எனக்கு நாலாவது தடவை வந்தது. வாசலில் ஒருவர் என் தராசு பிழை என்று சத்தம் போட்டுக்கொண்டு நின்றார். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கவில்லை. என் ஒரே கேள்வியைக் கேட்கவும் இல்லை. எழுதினேன்:

"ஓம் ஓம், பொல்லாத விஷம். அஞ்சு நிமிசத்திலை ஆள் முடிஞ்சுது. மரத்தை வேரோடை பிடுங்கி, மண்ணெண்ணெய் ஊத்திக் கொளுத்துங்கோ. அப்பதான் ஊர் தப்பும்."

இவ்வளவு பைத்தியக்காரத்தனமாக எழுதினால் நக்கல் என்று குழந்தைக்கும் விளங்கும் என்று நினைத்தேன். சிரிக்கிற முகம் ஒன்றைக்கூடப் போடவில்லை. தொலைபேசியைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டுத் தராசுக்காரரோடு சண்டைக்குப் போனேன். சண்டையில் வென்றேன் என்றுதான் ஞாபகம்.

ஞாயிறு காலை பஸ் பிடித்துப் பேசாலைக்கு வந்து, நேரே சேமக்காலைக்குப் போனேன். கல்லறைக்கு வெள்ளை அடித்து, நான் முதல் வருடம் பூசிய நீலக் கரையைப் புதுப்பித்திருந்தார்கள். மணலைக் கூட்டி வரி வரியாக வாரியிருந்தார்கள். தலைமாட்டில் அலரி இல்லை. அந்த இடத்தில் கிடங்கு தோண்டி மூடிய அடையாளமும், அதற்கு அப்பால் சுவரோரம் ஒரு கரிக் குவியலும் இருந்தன. குவியலில் பாதி எரிந்த ஒரு தடி. கையில் எடுத்தேன், மண்ணெண்ணெய் மணத்தது.

மச்சாள் வீட்டுக்கு எப்படி நடந்தேன் என்று தெரியாது. முற்றத்தில் பாயில் நெத்தலி காய்ந்துகொண்டிருந்தது. அவள் விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் படுத்திருந்தாள். முகம் வீங்கி, கண் இரண்டும் சிவந்திருந்தன. அதைப் பார்த்தும் நான் ஏன் என்று கேட்கவில்லை.

"ஆர் பிடுங்கினது?" என்றேன்.

"நான்தான் அத்தான்."

"உனக்கு மூளை இருக்குதோ? உன்ரை கொக்காவின்ரை தலைமாட்டிலை நிண்ட மரம். அவ வச்ச மரத்தின்ரை தடி. ஒரு புழுவுக்குப் பயந்து வேரோடை கிண்டி எரிச்சிருக்கிறாய். இந்த ஊரிலை இருக்கிற அவ்வளவு பேரும் விசரர், நீ அதுக்குள்ளை பெரிய விசரி."

இன்னும் பேசினேன். எழுதக் கூடாத சொற்களும் வந்தன. அவள் தொலைபேசியை எடுத்து, விரலால் தள்ளித் தள்ளி ஓரிடத்தில் நிறுத்தி, என் பக்கம் திருப்பிப் பிடித்தாள். என் பெயர். என் படம். நான் எழுதிய நாலு வரி.

"எல்லாரும் வெட்டுவம் எண்டு நிண்டவை," என்றாள். "நான்தான் விடேல்லை. அக்காவின்ரை மரம், அத்தானைக் கேட்காமல் தொட வேண்டாம் எண்டு மறிச்சுக்கொண்டு நிண்டனான். பிறகு நீங்களே எழுதினீங்கள். உங்களுக்குத்தானே புழு தெரியும்."

நான் படத்தைப் பெரிதாக்கினேன். பழுப்பு முதுகில், கழுத்துப் பக்கம், கறுத்து மங்கிய இரண்டு கண்கள். வாலில் கட்டைக் கொம்பு. படத்தின் மூலையில் ஒரு விரல் அகலத்துக்கு நீலக் கரை. என் கையால் பூசிய கரை. அதைக்கூட நான் பார்க்கவில்லை.

"ஆனால் விஷம் எண்டது சரிதான் அத்தான்," என்றாள் அவள். "கொளுத்தேக்கை புகை பட்டவுடனை எனக்குக் கண் எரிஞ்சு, தலை சுத்தி, நிண்ட இடத்திலையே வயித்தைப் பிரட்டிச் சத்தி எடுத்தனான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ராத்திரி முழுக்க மறிச்சு வச்சிருந்தவை. ஒரு புழுவுக்கு அவ்வளவு விஷம்."

இதைக் கேட்டதும் என் கோபம் போவதற்கு ஓர் இடமும் இல்லாமல் போனது. அந்த இனப் புழுவை என் கையில் ஊரவிட்டுப் படம் எடுத்தவன் நான். நஞ்சு இருந்தது அலரியில். எங்கள் பக்கத்தில் அலரியின் நஞ்சைத் தெரியாத ஆள் இல்லை. ஆடு கடிக்காது. அதன் விறகை அடுப்பில் வைக்க விடமாட்டார்கள். ஆனால் தெரிந்தவன் கொளுத்தச் சொன்னபடியால் கொளுத்தினார்கள்.

"அது புழுவின்ரை விஷம் இல்லைப் பிள்ளை. அலரிப் புகை," என்றேன்.

அவள் கதிரையில் நிமிர்ந்தாள். "அப்ப அந்தப் புழு?"

"அது மரத்தை விட்டு இறங்கின புழு. தின்னிறதை முடிச்சுப்போட்டு மண்ணுக்குள்ளை போகப் போனது. அரை மணித்தியாலம் விட்டிருந்தால் தானாப் போயிருக்கும்."

"இதை எழுத எவ்வளவு நேரம் எடுத்திருக்கும் அத்தான்?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன்.

அன்று மத்தியானமே குழுவில் உண்மையை எழுதினேன். புழுவின் பெயர், நிறம் மாறும் காரணம், அலரிப் புகை, நான் நக்கலாக எழுதியது, எல்லாம். நீளமான செய்தியாக இருந்ததால் ஆரும் வாசிக்கவில்லை போல. வாசித்த ஒருவர், "அப்ப எப்பிடிச் சத்தி வந்தது?" என்று கேட்டார். நாலு வரி மட்டும் ஊர் ஊராகப் போனது. அடுத்த நாள் களஞ்சியத்தில் விதைநெல்லுக்கு வந்த ஒரு கமக்காரர் தன் தொலைபேசியை நீட்டி, "இது நீங்கள் சொன்னதாம், உண்மையோ?" என்றார். மச்சாள் ஆஸ்பத்திரியில் கிடந்த கதையும் அத்தாட்சியாகச் சேர்ந்திருந்தது. அந்தக் குரல்பதிவுக்காரனை எத்தனை நாள் வாயில் வந்தபடி திட்டியிருக்கிறேன். இப்போது அவனும் நானும் ஒரே செய்தியில் மேலும் கீழுமாக இருந்தோம்.

இரண்டாம் திகதி லீவு எடுத்துக்கொண்டு சேமக்காலைக்குப் போனேன். மச்சாளும் வந்து பக்கத்தில் நின்றாள். கண் இன்னும் முழுதாகத் தெளியவில்லை. மற்ற வருடங்களில் அலரி நிழலில் மெழுகுதிரி அணையாமல் நிற்கும். அன்று கடற்காற்று நேரே வந்து அடித்தது. மூன்று தடவை கொளுத்தினேன், மூன்று தடவையும் அணைந்தது. நாலாவது தடவை மச்சாள் கையைக் குவித்துப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

ஃபாதர் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வரிசை வரிசையாக வந்தார். எங்கள் கல்லறையில் நின்று, வெள்ளையையும் நீலக் கரையையும் வாரிய மணலையும் பார்த்தார்.

"நல்ல துப்புரவா வச்சிருக்கிறீங்கள்," என்றார்.

மச்சாள் என்னைப் பார்த்தாள்.

"ஓம் ஃபாதர்," என்றேன்.