மலைமுகட்டில் நிலா ஏறிய நேரம்

1999 ஜூலையில் என் அக்காவுக்கு வந்த ராணுவக் கடிதம் தட்டச்சில் ஒரே பக்கம். மாமா கார்கில் மலைச் சண்டையில் உயிர்நீத்த தேதி மூன்றாவது வரியில் இருக்கிறது. பஞ்சாங்கப்படி அது ஆனி மாதத் தேய்பிறை தசமி. ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் தையல் மெஷினில் உட்காரும் அக்கா, வருஷம் தவறாமல் அந்தத் திதியில் லீவு போட்டு, விரிஞ்சிபுரம் பாலாற்றங்கரையில் திதி கொடுத்துவருவாள். துணைக்கு நான் போவேன்.

போன சித்திரையில் ஒரு கல்யாணப் பந்தியில், மாமாவோடு அதே மலையில் இருந்த திமிரிக்காரர் எங்கள் எதிரில் உட்கார்ந்தார். பேச்சோடு பேச்சாக, "உசுரு போனப்புறம் கீழ கொண்டாந்து சேக்கவே ரெண்டு நாளு மூணு நாளு ஆச்சும்மா. டாக்டர் பாத்த தேதியத்தான் எழுதுனாங்க" என்றார். அக்கா பாயசம் வருமுன் இலையை மூடிவிட்டாள்.

"அப்ப இத்தினி வருஷமா குடுத்தது எதுவும் அவருக்குப் போய்ச் சேரலையாடா?" என்று பஸ்ஸில் கேட்டாள்.

திதி செய்துவைக்கும் ஐயர், "நாள் தெரியாதவாளுக்கு அமாவாசை இருக்கே" என்றார். அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. "நாள் தெரியாம போறதுக்கு அவரு இன்னா அநாதையா?"

மழை பெய்த நாள், கரண்ட் போன நாள் என்று நோட்டில் எழுதிவைக்கிறவன் நான் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது. படைப்பிரிவுக்கு இரண்டு கடிதம் எழுதினேன். இரண்டு பதிலிலும் அதே தேதி. பிறகு திமிரிக்கு அலைந்தேன். மூன்றாம் முறைதான் அவர் வாய் திறந்தார்.

"ஷூ கம்பெனிக்கார அம்மாவோட தம்பிதானே நீ? வலது காலுக்கு மட்டும் ஒரு ஷூ வாங்கியா. இடது கால்ல மூணு விரல் கம்மி" என்று சிரித்தார். பனி தின்ற விரல்கள்.

"தேதி ஞாபகம் இருக்காண்ணே?"

"இன்னா தம்பி நீ? மேல நாலு அடி வெச்சா மூச்சு வாங்கும். எத்தினியாவது நாளு, இன்னா கிழமை, எதுவும் தெரியாது." கொஞ்ச நேரம் காலைத் தடவிக்கொண்டிருந்தார். "இருட்டுலதான் ஆளைத் தூக்கிட்டு இறங்க முடியும். வெளிச்சம் வந்தா எதிராளி சுடுவான். குண்டடி பட்ட உங்க மாமாவ நாலு பேர் தூக்கிட்டுப் பாதி தூரம் வந்தோம். பாழாப்போன நிலா முகட்டுக்கு மேல வந்துடுச்சி. பாறை சந்துல அப்படியே படுத்துட்டோம். அங்கதான் உசுரு போச்சு."

"நிலா எப்படி இருந்தது?"

"பாதி. அப்ப மணி பன்னெண்டு இருக்கும்."

எனக்குத் தேதியே தேவையில்லை என்று அப்போதுதான் உறைத்தது. திதி என்பதே நிலாவின் கணக்கு. நடு இரவில் எழும் பாதி நிலா தேய்பிறை அஷ்டமி. கடிதத்தில் இருந்த தேதிக்கு இரண்டு நாள் முன்பு. பந்தியில் அவர் சொன்ன இரண்டு மூன்று நாள் கணக்கும் ஒத்துப்போகிறது.

அக்காவிடம் சொன்னேன். காலண்டரில் அஷ்டமியை வட்டமிட்டாள். "சூப்பர்வைசர் ஏன் லீவ மாத்துறேன்னு கேப்பான்" என்றாள். "கேட்டா கேக்கட்டும்." இந்த ஆனியில் அன்றைக்கே போய்க் கொடுத்தோம். திரும்பும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நானும் களைத்துத்தான் இருந்தேன், தூக்கம் வரவில்லை.

அவளிடம் சொல்லாதது ஒன்று உண்டு. உயரமான முகட்டின் அடியில் இருப்பவர்களுக்கு நிலா தாமதமாகத்தான் கண்ணில் படும். அந்த மாதத்தில் அங்கே சப்தமிக்கும் அஷ்டமிக்கும் நிலா எழுவதில் சுமார் அரை மணிதான் வித்தியாசம்; முகடு அவ்வளவு நேரம் மறைத்திருந்தால் மாமா போனது சப்தமியில். அந்த முகடு எவ்வளவு நேரம் நிலாவை மறைத்தது என்பதை என்னால் இதுவரை சரிபார்க்க முடியவில்லை. ஆகவே அஷ்டமி என்பது உறுதியாகாத செய்தி என்றே என் நோட்டில் இருக்கிறது.