நாலு வீட்டுக்கு ஒரு காவல்காரன்

என் வீட்டுக்காரர் சொந்தமாகக் காண்ட்ராக்ட் எடுக்க ஆரம்பித்தபோது அவர் கட்டிக்கொண்டிருந்தது ஒரே ஒரு வீடு. ஆனால் கையில் இருந்த படங்கள் நாலு வீட்டுக்கு. ஐம்பதுகளின் கடைசியில் நடந்த கூத்து இது. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

அதற்கு முன் பன்னிரண்டு வருஷம் ராமநாதபுரத்தில் ஒரு பெரிய காண்ட்ராக்டரிடம் கொத்தனாராக இருந்தார். அந்த மனிதர் வீட்டின் முன்பக்கத்துக்கு ஆற்று மணல் போடுவார். யாரும் எட்டிப் பார்க்காத கொல்லைப்பக்கத்துக்குக் கடல் மணலைக் கலக்கச் சொல்வார். ஒரு மழை நனைந்தால் போதும், சுவரில் உப்பு பூத்துப் பூச்சு உதிரும். ஒருநாள் இவர் அப்படிக் கலக்க மாட்டேன் என்று சொல்லி, சுவருக்கு நேர் பார்க்கும் தூக்குக்குண்டை முதலாளியின் காலடியில் போட்டுவிட்டு வந்துவிட்டார்.

"போலே போ. ஆறு மாசத்துல கையக் கட்டிக்கிட்டு இங்கனதான் வந்து நிப்ப" என்றாராம் அவர்.

உச்சிப்புளிப் பக்கம் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் வீட்டு வேலை கிடைத்தது. அது முடியும் தறுவாயில் அடுத்த வேலை எதுவும் கண்ணில் படவில்லை. முதலாளி வைத்த கெடுவில் ஐந்து மாதம் போயிருந்தது. அப்போதுதான் பாம்பனில் ஒரு சம்மாட்டி, நாலைந்து படகுக்குச் சொந்தக்காரர், கல்வீடு கட்டப்போவதாகச் சேதி வந்தது. பழைய முதலாளியும் அதற்கு ஆள் விட்டிருந்தார். இந்த வேலை அவருக்குப் போனால் இவரும் அவர் பின்னாலேயே போக வேண்டியதுதான்.

"வாயால சொன்னா எவன் நம்புவான்? படம் புடிச்சுக் காட்டணும்" என்றார் என் வீட்டுக்காரர். எங்கள் கல்யாணத்துக்கே படம் எடுக்காத மனிதர் அவர். அதை அப்போது சொல்லிக்காட்டாமல் விட்டேனா? விடவில்லை.

டவுன் ஸ்டூடியோக்காரர் முக்காலியும் கறுப்புத் துணியுமாக வந்து இறங்கியதும் வாத்தியார் குறுக்கே நின்றுகொண்டார். "அரைகுறையா நிக்கிற வீட்டப் படம் புடிக்கக் கூடாது. கண்ணு பட்டுரும். அந்தப் பொட்டி மூஞ்சியில இருக்கிறது கண்ணு இல்லாம வேற என்னய்யா?"

கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தார். வீட்டு முன்னால் கட்டியிருக்கும் திருஷ்டி பொம்மை ஒவ்வொரு படத்திலும் இருக்க வேண்டும். பெட்டியின் கண் முதலில் பொம்மைமேல் விழட்டும் என்றார்.

அந்தப் பொம்மை நான் செய்தது. வைக்கோல் உடம்பு, சுண்ணாம்பு பூசிய சட்டி மண்டை, உருட்டு விழி, முறுக்கு மீசை. பழைய முதலாளி ஒரு தீபாவளிக்குக் கொடுத்த கோடு போட்ட சட்டையைத்தான் அதற்கு மாட்டியிருந்தேன். பை கிழிந்த இடத்தில் பூப்போட்ட துணி வைத்து ஒட்டுப்போட்டதும் நான்தான்.

என் வீட்டுக்காரர் பொம்மையைத் தோளில் சுமந்துகொண்டு வீட்டைச் சுற்றி வந்தார். கிழக்கே நிறுத்தி ஒரு படம், தெற்கே நிறுத்தி ஒன்று. மேற்குப் பக்கம் ஒரு மாட்டுவண்டியை நிறுத்தினார். வடக்கே கொல்லைப்பக்கம், அங்கே யார் வீட்டுக் கன்றுக்குட்டியையோ இழுத்து வந்து கட்டினார். படங்களை அட்டையில் ஒட்டி, கீழே ராமநாதபுரம், உச்சிப்புளி, ஏர்வாடி, தேவிபட்டினம் என்று மணிமணியாக எழுதினார். சித்தாட்களைக்கூடப் பக்கத்துக்கு ஒருவராக மாற்றி நிறுத்தியிருந்தார். பொம்மையைப் பற்றி யாருக்கும் தோன்றவில்லை. கட்டுகிற வீடு என்றால் பொம்மை இருக்கும். அதை யார் உற்றுப் பார்க்கப் போகிறார்கள்!

"அடுப்படியப் பத்திக் கேட்டா எனக்கு என்ன தெரியும், நீயும் வா" என்று என்னையும் ரயிலேற்றிப் பாம்பனுக்குக் கூட்டிப்போனார்.

சம்மாட்டிக்குப் படங்கள் ரொம்பப் பிடித்துவிட்டன. "ஏர்வாடியில இம்புட்டுப் பெரிய வீடா? சொல்லவே இல்லையே ஒருத்தனும்!" என்றார். என் வீட்டுக்காரர் அடக்கமாகத் தலையை ஆட்டிக்கொண்டார். எனக்கு அவரைக் கிள்ள வேண்டும்போல இருந்தது.

சம்மாட்டியம்மா மீன் கழுவிய கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தார். நாலு படத்தையும் தரையில் வரிசையாக வைத்துப் பார்த்தார். பொம்மை அவருடைய கண்ணை முதலில் இழுத்துவிட்டது. அதற்காகத்தானே கட்டினோம்!

"ஏன் தம்பி, இந்தக் கோடு போட்ட சட்டைக்காரரு நாலு ஊருக்கும் நடந்தேவா போனாரு?"

சம்மாட்டி படத்தையும் என் வீட்டுக்காரரையும் மாறி மாறிப் பார்த்தார். வெட்கத்தில் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. கூடவே கோபமும் வந்தது. அந்தக் கடல் மணல்காரர் வாசலில் இவர் கைகட்டி நிற்பதை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

"ஒரே வீடுதாம்மா" என்றேன். "ஊர்ப் பேரு எழுதுனது தப்பு. கன்னுக்குட்டியும் எங்களுது இல்ல. ஆனா மத்தவகள முன்பக்கத்தத் தவிர வேற பக்கம் காட்டச் சொல்லுங்க பாப்போம். இது கொல்லைப்பக்கம். போன ஐப்பசி மழை முழுக்க நனஞ்ச சுவரு. கீழ பாருங்க, எங்கனயாச்சும் உப்பு பூத்திருக்கா?"

சம்மாட்டியம்மா அந்தப் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போனார். வெகுநேரம் பார்த்தார். பிறகு எங்களை உள்ளே கூட்டிப்போய்த் தம் அடுப்படிச் சுவரைக் காட்டினார். இடுப்பு உயரத்துக்குப் பொரிந்து கிடந்தது. கை வைத்த இடத்தில் பொலபொலவென்று கொட்டியது.

"வருசா வருசம் பூசுறோம். சோத்துல மண்ணு விழாத நாளு இல்ல" என்றார். பிறகு கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "இந்தத் தம்பிக்கே குடுங்க. பொய் சொல்லக்கூடச் சரியாத் தெரியல. சுவராச்சும் ஒழுங்காக் கட்டுவாரு."

திரும்பி வரும்போது ரயில் கடல் பாலத்தைத் தாண்டியது. "கன்னுக்குட்டியப் பத்தி நீ சொல்லியிருக்க வேண்டாம்" என்றார் என் வீட்டுக்காரர்.

வாத்தியார் வீடு குடிபோன அன்று பொம்மையை எரித்தார்கள். அதற்கு முன்பே சட்டையை மட்டும் கழற்றித் துவைத்து வைத்துக்கொண்டேன்.

பாம்பன் வீடு முடிகிற சமயம் மறுபடியும் ஸ்டூடியோக்காரர் வந்தார். புதுப் பொம்மைக்கு நான் வைக்கோல் திணித்துக்கொண்டிருந்தபோது சம்மாட்டியம்மா சம்மாட்டியின் பழைய சட்டைகள் மூன்றைக் கொண்டுவந்து என் மடியில் போட்டார். "பக்கத்துக்கு ஒண்ணா மாட்டி விடு. இந்தத் தடவையாச்சும் மாட்டிக்காம இருங்க" என்றார்.

நாலாவதாகக் கொல்லைப்பக்கம் இருந்தது. அதற்கு மட்டும் பழைய முதலாளியின் கோடு போட்ட சட்டையையே மாட்டினேன். அவர் எட்டிப் பார்க்காத அந்தப் பக்கத்தில் அவர் சட்டையாவது இன்னொரு தடவை போய் நிற்கட்டும் என்றுதான்.