அறுப்புப் பண்டிகைக்கு ஒரு வால்வு

"...சத்தத்தைக் குறைன்னு நான் சொல்லவே இல்லையேம்மா. சத்தம் இருக்கட்டும். கிழியுது, அதான் பேஜாரா இருக்கு. நல்ல பட்டுப்புடவையில ஆணி மாட்டின மாதிரி."

எங்கள் சர்ச்சில் பாடகர் குழுவை நடத்தும் அக்கா என் மனைவியிடம் இப்படிச் சொன்னபோது நான் அவளுடைய கிட்டார் ஆம்ப்ளிஃபையரின் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அக்கா கீபோர்டு வாசிப்பவர், ரிட்டயர்டு டீச்சர். என் மனைவி அந்தக் குழுவில் கிட்டார் வாசிக்கிறாள். அதைச் சொல்லும்போதே எனக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிரும், மறைக்கப்போவதில்லை. அக்கா கடைசியாக ஒன்று சொன்னார்: "அடுத்த சனிக்கிழமை ரிகர்சல்ல சரியா இருந்தா அறுப்புப் பண்டிகைக்கு வாசி. இல்லன்னா அன்னிக்கு மட்டும் பாடறவங்களோட நில்லும்மா."

நீலசந்திராவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஆட்டோவில் திரும்பினோம். மனைவியின் மடியில் கிட்டார், காலடியில் ஆம்ப்ளிஃபையர் பெட்டி. வீட்டுப் படியேறும்போது பொரிந்தாள். "நான் என்ன சத்தமாவா வாசிச்சேன்? எல்லாரும் குறை குறைங்கறாங்க. குறைச்சா கடைசி பெஞ்சுக்குக் கேக்காது."

"அக்கா குறைன்னு சொல்லல. கிழியுதுன்னாங்க" என்றேன்.

"ரெண்டும் ஒண்ணுதான்."

ஒன்றில்லை. நான் லிஃப்ட் சர்வீஸ் பார்ப்பவன். அவள் பெட்டியில் பழைய ரேடியோ மாதிரி கண்ணாடி வால்வுகள்; அந்த வேலையை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, படித்தும் சுட்டுக்கொண்டும் கற்றது. ஆனால் எந்த வேலைக்குப் போனாலும் ஜனங்கள் வாயால் சொல்வதைத்தான் முதலில் கேட்பேன். பொம்மனஹள்ளி அபார்ட்மென்டில் ஒரு அம்மா, "லிஃப்டு விக்கல் எடுக்குது தம்பி" என்றார். போய்ப் பார்த்தால் பிரேக் விட்டுவிட்டுப் பிடித்துக்கொண்டிருந்தது. டாக்டர்கூட அவ்வளவு துல்லியமாகச் சொல்லியிருக்க மாட்டார்.

அதனால் வீட்டில் மனைவியை வாசிக்கச் சொன்னேன். நரம்பைத் தடவினால் சுத்தமாக வந்தது. கொஞ்சம் அழுத்தினாள், கிழிந்தது. வால்யூமைக் குறைவாக வைத்தும் கிழிந்தது. கிட்டாரிலிருந்து வருகிற சின்ன ஒலியை முதல் வால்வு அளவுக்கு மீறிப் பெருக்குகிறது என்று அப்போது பிடிபட்டது. பட்டில் ஆணி மாட்டுகிற இடம் அதுதான்.

மனைவி போனில் எதையோ படித்துவிட்டு வந்தாள். "பின்னாடி இருக்கற பெரிய வால்வு ரெண்டையும் மாத்தினா சவுண்டே மாறுமாம். வேற நம்பர் வால்வுக்கும் அடியில அதே எட்டுக் காலுதானே, உக்காந்துடும்."

"உக்காரும். பஸ்ஸுல டிரைவர் சீட்லகூட யார் வேணா உக்காரலாம்."

"நக்கல் பண்ணாதீங்க, சொல்லுங்க."

சொன்னேன். கால் பொருந்தினாலும், சில பெரிய வால்வுகள் தம்மைச் சூடேற்றிக்கொள்ளவே கூடுதல் கரண்ட் இழுக்கும். இந்தச் சின்னப் பெட்டியின் டிரான்ஸ்ஃபார்மர் அதைத் தாங்காமல் வெந்துபோகும். போதாததற்கு, வால்வு சும்மா இருக்கும்போது எவ்வளவு கரண்ட் ஓட வேண்டும் என்பதையும் அளந்து சரிசெய்ய வேண்டும். முன்னால் இருக்கிற சின்ன வால்வு அப்படியில்லை. 12AX7 என்ற நம்பர் வால்வு இருக்கும் அந்த முதல் இடத்தில், அதே ஒன்பது கால் அமைப்பில் பெருக்கம் குறைந்த தங்கைகள் சில உண்டு. நம் பெட்டியில் அவற்றைத் தைரியமாக வைக்கலாம்.

பிளக்கைச் சுவரிலிருந்தே பிடுங்கினேன், சுவிட்சை மட்டும் நம்புகிற ஆள் நானில்லை. வால்வின் கண்ணாடி ஆறுகிற வரை டீ குடித்தோம். பிளக் இல்லாவிட்டாலும் உள்ளே கெபாசிட்டரில் ஆளைத் தூக்கியடிக்கிற மின்சாரம் தங்கியிருக்கும், அதனால் பெட்டியைத் திறக்கவே இல்லை. வால்வை மாற்ற அது தேவையுமில்லை, வெளியிலிருந்தே கைக்கு எட்டும். துணியால் பிடித்து, லேசாக அசைத்து, நேராக மேலே இழுத்தேன். ஸ்பீக்கர் ஒயர் மாட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மறுபடி ஆன் செய்தேன்.

முதலில் கையிலிருந்த தங்கை 12AU7-ஐப் போட்டேன், பெருக்கம் மிகவும் குறைந்தது. கிழிசல் போயிற்று, உயிரும் போயிற்று.

"ஜுரம் விட்டவங்க பாடற மாதிரி இருக்குங்க" என்றாள். இந்த வீட்டிலும் ஒரு அக்கா இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டுக்கும் நடுவில் நிற்கிற 12AY7-ஐ ஆன்லைனில் வரவழைத்தோம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தது. அதே பிளக், அதே டீ, அதே துணி. இந்த முறை அவள் அழுத்தி வாசித்தாள், ஒலி பெரிதானது, கிழியவில்லை. வால்யூமை முன்பைவிட ஏற்றி வைத்தாள். அப்போதும் கிழியவில்லை. அவள் அதே வரியைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தாள். நான் பழைய வால்வைத் துணியில் சுற்றியபடி, உலகத்திலேயே பெரிய இன்ஜினியர் மாதிரி நின்றிருந்தேன்.

சனிக்கிழமை ரிகர்சல். அக்கா பெட்டியை ஒரு பார்வை பார்த்தார். "என்ன தம்பி, பெட்டியை மாத்திட்டீங்களா?"

"பெட்டி அதேதான்க்கா. நீங்க ஆணின்னு சொன்னீங்களே, அதை மட்டும் எடுத்தேன்."

அறுப்புப் பண்டிகைப் பாட்டைத் தொடங்கினார்கள். முதல் சரணம் முழுக்க அக்கா கிட்டார் பக்கம் காதைச் சாய்த்தபடியே வாசித்தார். இரண்டாவது சரணத்தில் என் மனைவி துணிந்து அழுத்தினாள். கடைசி பெஞ்சு வரை கேட்டது, ஒரு இழைகூடப் பிரியாமல்.

அக்கா வாசிப்பை நிறுத்தவில்லை. இடது கை கட்டைகளிலேயே இருக்க, வலது கையை மட்டும் எடுத்துத் தன் கீபோர்டின் வால்யூமைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்.