ஏட்டய்யா காதில் விழுந்த 'ஏனுங்க'

நேற்று போனில் கஸ்டமர் கேர் பெண்ணை "ஏனுங்க அம்மணி" என்று கூப்பிட்டேன். "ஏன்னு எதுக்கு சார் கேக்கறீங்க? நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலையே" என்றது அந்தப் பெண். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அது கோபித்துக்கொண்டு போனை வைத்துவிட்டது.

கோயமுத்தூர்ப் பக்கம் 'ஏனுங்க' என்றால் கேள்வியில்லை, ஆளைக் கூப்பிடுவது. இது தெரியாத ஒருவரிடம் மாட்டித்தான், தொண்ணூறுகளின் நடுவில், என் முதல் வேலை கைநழுவப் பார்த்தது.

காரமடையிலிருந்து வந்து கோயமுத்தூரில் மாமா வீட்டில் தங்கியிருந்தேன். பத்து மணிக்கு ஒரு மில் ஆபீசில் கிளார்க் வேலைக்கு இண்டர்வியூ. இரண்டு வருஷம் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்து தின்றவனுக்கு அது உயிர்ப் பிரச்சினை. அவசரத்தில், மாமாவின் சைக்கிளோடு டவுன்ஹால் பக்கம் ஒருவழிப்பாதையில் எதிர்ப்பக்கமாகப் புகுந்துவிட்டேன். விசில் கேட்டது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து மாற்றலாகி வந்து இரண்டே மாதமான ஏட்டு. மீசையே கால் கிலோ இருக்கும்.

பவ்யமாக, "ஏனுங்க சார்..." என்று ஆரம்பித்தேன்.

"ஏனா? ஒன்வேயில வந்துட்டு எங்கிட்டயே ஏன்னு கேக்கியால?" குனிந்து டயர் காற்றைப் பிடுங்கிவிட்டார். "ஓரமா நில்லு!"

நின்றேன். நின்ற நேரத்தில் சட்டப் படிப்பே முடித்துவிட்டேன் என்று வையுங்கள். எதிர்ப்புறம் இன்ஸ்பெக்டர் ஜீப் நின்றவரை ஒருத்தரும் தப்பவில்லை. ஜீப் போனதும் கைக்குழந்தைக்காரிக்கு மன்னிப்பு. சல்யூட் வைத்த பால்காரருக்கு மன்னிப்பு. டீ வருமுன் மீசைக்காரர்களுக்கு, டீ குடித்தபின் மீசையில்லாதவர்களுக்கும் மன்னிப்பு. 'ஏனுங்க' என்று வாயைத் திறந்தவனுக்கு மட்டும் காற்று போனது.

மணி பத்தடிக்கக் கால் மணி நேரம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எதிரே சைக்கிள் கடைக்காரர் பார்த்துவிட்டு ஓடிவந்தார்.

"ஏனுங்க ஏட்டய்யா..."

"நீயுமால?"

"அய்யோ, அது கூப்புடறதுங்க! கேள்வி இல்லீங்க! மரியாதைங்க!"

ஏட்டய்யா அப்படியே நின்றுவிட்டார். "அப்போ ரெண்டு மாசமா நான் காத்தப் புடுங்குனவன் எல்லாம்..."

"மரியாதையாப் பேசுனவங்கதானுங்க."

"இதை முன்னாடியே ஏம்ல சொல்லல?"

கடைக்காரர் பம்பை எடுத்துவரக் கடைக்கு ஓடினார். அந்த இரண்டு மாதமும் காற்றடிக்க அவர் கடையில்தான் கூட்டம்.

ஏட்டய்யாவே பம்பை வாங்கி, மூச்சு வாங்கக் காற்றடித்தார். பிறகு எதிரே வந்த பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி, அதே ஒருவழிப்பாதையில், அதே தப்பான பக்கமாகவே என்னை அனுப்பிவைத்தார். "போலே, வேலைய வாங்கிட்டு வா!" வேலை கிடைத்தது. அந்த மனுஷனை நினைத்தால் இன்றைக்கும் கும்பிடத் தோன்றும்.

போன மாதம் வீட்டுக்காரிக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்கு அந்த வழியாகத்தான், எதிர்ப்பக்கமாகவே காரை ஓட்டினேன். அவள் தேறிவிட்டாள். அபராத நோட்டீஸும் படத்தோடு வந்துவிட்டது. ஏட்டய்யா நின்ற இடத்தில் இப்போது கேமராக் கம்பம். நான் என்ன சொன்னாலும், அது தப்பாகக்கூடப் புரிந்துகொள்ளப் போவதில்லை.