சுடுகல் பேண்டின் கடைசிக் கச்சேரியும் போன்கள் தூங்கிய பெட்டியும்

திருவண்ணாமலைக்கு எல்லோரும் சாமி கும்பிடப் போவார்கள். நான் போனது சண்டை போட. என் கொழுந்தன் சேகரின் ராக் பேண்டு, பெயர் சுடுகல், நாற்பது வருஷம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத் தொடங்கிய ஊரிலேயே கடைசிக் கச்சேரி வைத்திருக்கிறது என்று மகள் போனில் காட்டினாள். அது முடிந்த கையோடு அவன் சிங்கப்பூரில் இருக்கிற மகனிடம் போய்விடுவானாம். அதற்குள் அவன் முகத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டாக வேண்டும் என்று போன சனிக்கிழமை கிளம்பினேன்.

கேள்வி இதுதான். பதினோரு வருஷத்துக்கு முன் என் வீட்டுக்காரர் செத்த காலையில் சேகருக்கு நானே போன் போட்டேன். "அண்ணன் போயிட்டாரு, உடனே கிளம்பி வா" என்றேன். பின்னால் மேளச் சத்தம் திமுதிமு என்று கேட்டது. "சரி, சரி" என்று சொல்லிக் கட் பண்ணினான். மறுபடி போட்டால் போன் ஆஃப். எனக்கு ஆண் பிள்ளை இல்லை. தம்பிதான் கொள்ளி வைக்க வேண்டும். பொழுது சாயும் வரை பிணத்தை வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்திருந்தோம். கடைசியில் மருமகன் வைத்தார். பதினாறாம் நாளுக்கும் சேகர் வரவில்லை. ஏன்?

ஆரணியிலிருந்து போளூர் வழியாகத் திருவண்ணாமலை சுமார் அறுபது கிலோமீட்டர். ஒன்பதரை மணி பஸ்ஸில் ஏறினால் பதினொன்றரைக்குள் இறங்கிவிடலாம். பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதெல்லாம் டவுன் பஸ்ஸுக்குத்தான். இதில் காசு கொடுத்தே ஆகவேண்டும். அங்கிருந்து வேங்கிக்கால் மண்டபத்துக்கு ஆட்டோ. ஆட்டோக்காரர் இருநூறு கேட்டார், நூற்றைம்பதுக்கு வந்தார்.

"சுடுகல் கச்சேரிக்காமா? எங்க அப்பா கல்யாணத்துல அவங்கதான் வாசிச்சாங்களாம். சாப்டுக்கினு இருந்தவங்க பாதி பேரு எழுந்து ஓடிட்டாங்களாம்."

"மீதிப் பேரு?"

"அவங்களுக்குக் காது கேக்காதும்மா."

பொய் இல்லை. சேகர் இந்த ஊர் லாட்ஜில் ரூம் பாயாக இருந்தவன். தங்கிப் போன ஒரு வெள்ளைக்காரர் விட்டுச்சென்ற கிடாரை எடுத்து மொட்டை மாடியில் தானாகவே பழகினான். பக்கத்து பேக்கரியில் வேலை பார்த்த மோகன் பிஸ்கட் டின்னில் தாளம் தட்டினான். பேண்டு பிறந்தது அப்படித்தான். கல்யாணம், காலேஜ், பிறகு டிவி, வெளிநாடு. நடுவில் எத்தனையோ பேர் வந்தார்கள், கோபித்துக்கொண்டு போனார்கள். இந்த இரண்டு பேர் மட்டும் பிரியவே இல்லை. சேகர் ஒருமுறை தோள் வரை முடி வளர்த்துக்கொண்டு வந்தபோது, "இந்தக் கோலத்துல என் வாசல மிதிக்காத" என்று சொன்னேன். அந்தச் சொல்லை இன்றுவரை நான் திரும்ப வாங்கவில்லை.

மண்டபத்தின் பின்கதவில் தலை நரைத்த ஒருவர் டிரம்ஸ் பெட்டியைத் திறந்து வைத்து எல்லோரிடமும் போனை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். என் போனுக்கும் கை நீட்டினார். அந்த நேரம் பெட்டிக்குள் ஒரு போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தார்.

"சரி, சரி" என்று சொல்லிக் கட் பண்ணிப் பெட்டியில் போட்டார்.

 அன்றைக்கு மேளச் சத்தத்தில் சேகர் என்று நான் நினைத்த அதே தொண்டை. அதே அவசரம். அந்த இரண்டு சொல்லைப் பதினோரு வருஷமாக நான் மறக்கவில்லை.

"அது யாரு போனுய்யா?"

"சேகரோடதும்மா. புரோகிராம் நாள்ல எல்லார் போனும் என் கிட்டதான் இருக்கும். மேடைய விட்டு எறங்கற வரைக்கும் ஒருத்தனுக்கும் எந்தச் சேதியும் கிடையாது."

"பதினோரு வருஷத்துக்கு முன்னாடியும் உன் கிட்டதான் இருந்துச்சா?"

என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பெட்டியை மூடி அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "ஆரணி அண்ணியா?"

"சாவுச் சேதிய வாங்கிப் பொட்டில போட்டு மூடினியாய்யா?"

"எறங்கினதும் சொல்லலாம்னுதாம்மா இருந்தேன். எறங்கினதும் அடுத்த ஊரு, அடுத்த மேடை. மூணு நாள் போயிடுச்சி. அதுக்கப்புறம் சொன்னா என்னையும் உட்ருவான், பேண்டையும் உட்ருவான். வாய் வரல, நீங்க கூப்ட நம்பரையும் போன்லருந்து அழிச்சிட்டேன்." கையெடுத்துக் கும்பிட்டார். "இன்னிக்கிக் கடைசிம்மா. முடிஞ்சதும் நானே சொல்லிடறேன். இந்த ரெண்டு மணி நேரம் மட்டும் உட்டுக் குடுங்க."

எனக்குப் பொறுமை கம்மி. ஆனாலும் அந்த இரண்டு மணி நேரத்தைக் கொடுத்தேன். முன் வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

சேகர் மேடைக்கு வந்தான். அந்த முடி இப்போது வெள்ளை வெளேர் என்று முதுகில் தொங்கியது. சத்தம் என் நெஞ்சுக்கூட்டுக்குள் இடித்தது. அதைவிட அதிகமாக என்னைக் கலக்கியது வேறு. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் சேகர் திரும்பி மோகனை, பின்கதவில் போன் வாங்கிய அதே ஆளை, பார்க்கிறான். மோகன் குச்சியைத் தட்டி ஒன், டூ, த்ரீ, ஃபோர் என்று எண்ணினால்தான் இவன் கை கிடாரில் விழுகிறது. புருஷன் பெண்டாட்டி கூட அப்படி ஒருவரை ஒருவர் நம்பி நான் பார்த்ததில்லை.

கச்சேரி முடிந்து மாலை, செல்ஃபி எல்லாம் ஓய்ந்தது. மோகன் ஒவ்வொருவருக்கும் போனைத் திருப்பிக் கொடுத்தார். சேகருக்கும் கொடுத்தார். வாயைத் திறக்கவில்லை. போய் டிரம்ஸைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்.

நான் எழுந்து போனேன். என்னைக் கண்டதும் சேகரின் முகம் இறுகியது.

"வாங்க அண்ணி. அண்ணன் செத்ததுக்கு ஒரு வார்த்த சொல்லி அனுப்பல, பாட்டு கேக்க மட்டும் வந்துட்டீங்க. அஞ்சாம் நாளு எவனோ ஆரணிக்காரன் துக்கம் கேக்கறான், எனக்கு ஒண்ணும் புரியல. முடி வளத்தவன் வாசல மிதிக்கக் கூடாதுன்னு சாவுக்குக் கூடவா அண்ணி?"

 நான் இவன் மேல் வைத்திருந்த கோபத்துக்குக் கொஞ்சமும் குறையாமல் இவனும் என் மேல் வைத்திருக்கிறான்.

"போன் பண்ணேன்டா. செத்த காலையில, உன் நம்பருக்கு. சரி சரின்னு பதிலும் வந்துச்சி."

 பதில் சொன்னவர் பெயரை நான் சொல்ல வேண்டிய வேலையே இல்லை. சேகர் கையிலிருந்த போனைப் பார்த்தான். பிறகு மெல்லத் திரும்பினான். மோகனின் கையில் இருந்த தாளத் தட்டு அசையாமல் நின்றது.

"அண்ணன் செத்த அன்னிக்கி ராத்திரி ஜனங்க மூணு தடவ ஒன்ஸ்மோர் கேட்டாங்க," என்றான் சேகர். குரல் உயரவே இல்லை. "மூணு தடவையும் நீதானேடா எண்ணி ஆரம்பிச்ச?"

"ஆமாண்டா."

அவ்வளவுதான். ஓர் அடி விழும், ஒரு கெட்ட வார்த்தையாவது வரும் என்று பார்த்தேன். சேகர் கிடாரைத் தரையில் வைத்துவிட்டு என் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தான். பஸ் ஸ்டாண்டு வரை ஆட்டோவில் அவன் அழுத அழுகையை இங்கே எழுத மாட்டேன். அது எங்கள் வீட்டு விஷயம்.

போகிறவர்களுக்கு: பௌர்ணமியை விட்டுப் போங்கள், அன்றைக்கு ஆட்டோ விலையைக் காதால் கேட்க முடியாது. ஆரணி பஸ்ஸுக்கு எட்டு மணிக்குள் ஸ்டாண்டுக்கு வந்துவிடுங்கள், அதற்கப்புறம் பஸ் கம்மி. இன்னொன்று. யாருக்காவது சாவுச் செய்தி சொல்வதாக இருந்தால், "பேசறது யாரு" என்று முதலில் கேளுங்கள். பெயர் வந்த பிறகு அழுங்கள்.