கம்பளி உறை போட்ட பாட்டில்

மணிப்பூரில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை என்னைப் பர்மா சண்டை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனார். அங்கே கண்ணாடிக்குள் காக்கிக் கம்பளி உறை போட்ட தண்ணீர் பாட்டில் ஒன்று இருந்தது. எனக்கு உடனே கோபு சித்தப்பா ஞாபகம்.

அந்தச் சண்டையில் இருந்தவர் அவர். ஐம்பதுகளில் பட்டாளத்தை விட்டு ஸ்ரீரங்கத்தில் எங்களோடு வந்து இருந்தார். கண்ட இடத்தில் சாப்பிட்டவர் என்று அம்மா அவரைப் பூஜைக் குடத்தைத் தொட விடமாட்டாள். அவருக்கு அது ஒன்றுதான் குறை.

ஒருநாள் அப்பாவுக்குக் கால் சுளுக்கு. அவர் தினமும் குடத்தில் கொண்டுவரும் காவேரித் தீர்த்தம் வராததால் பெருமாளுக்குத் திருவாராதனம் ஆகவில்லை. எங்களுக்கும் சாப்பாடு இல்லை. சித்தப்பா ஈர வேஷ்டியோடு, பட்டாளத்துப் பாட்டிலில் தீர்த்தம் கொண்டுவந்து நின்றார்.

"ஏண்டா கோபு, இதிலேயா பெருமாளுக்கு?"

"குடத்தைத்தானே தொடப்படாதுன்னேள் மன்னி? கம்பளிக்குத் தீட்டு கிடையாதுன்னு நீங்கதானே சொல்லுவேள்!"

உள்ளே படுத்திருந்த அப்பா, "உள்ளே காவேரி, வெளியே கம்பளி. தீட்டு எங்கேடி உட்காரும்?" என்றார்.

அம்மா சிரித்துவிட்டாள். "அண்ணாவும் தம்பியும் நன்னா சேர்ந்தேள்! கொடுடா, பெருமாள் பசியா இருக்கார்."

அப்பாவுக்குக் கால் சரியான பிறகும், அம்மா பித்தளைக் குடத்தைத் தேய்த்துச் சித்தப்பா கையில்தான் கொடுத்தாள். கடைசிவரை அது அவர் கைங்கர்யமாகவே இருந்தது.