அதே பாவாடை, அதே ரிப்பன்

ரோஜா வாசனைக்கு அடியில் சுண்ணாம்பு நெடி ஒன்று ஒளிந்திருக்கும்; டப்பாவைத் திறந்ததும் முதலில் ரோஜா வந்து மூக்கை மயக்கும், ஆசையாக மூச்சை இழுத்த பிறகுதான் அந்த நெடி வந்து கண்ணைக் கரிக்கும். எனக்கு எழுபது தாண்டிவிட்டது. இன்றைக்கும் யார் வீட்டில் முகப்பவுடர் டப்பாவைத் திறந்தாலும் அந்த இரண்டாவது நெடிக்காகக் காத்திருக்கிறேன்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். விளம்பரப் பலகையில் உள்ளதை எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் பஸ் கடந்து போய்விடும். ஆனாலும் ஒருவர் நம்மை எந்தப் பக்கமாக வளைக்கிறார் என்று கண்டுகொள்ள எழுத்து எதற்கு? அதை நான் எட்டு வயதில், பனகல் பார்க் முனையில், ஒரு முக்காலி மேல் நின்று தெரிந்துகொண்டேன்.

மயிலாப்பூரில் கால்வாய் ஓரத்துக் குடிசை எங்களுடையது. அம்மா குளத்தருகே பூ விற்றாள். எங்கள் அப்பா முகம் எனக்கு நினைவில்லை. கமலா அக்கா என்னைவிட ஒரு வயது மூத்தவள். மூக்கு, முகவாய், புருவம் எல்லாம் எங்கள் இருவருக்கும் ஒரே அச்சு, உயரமும் ஏறக்குறைய ஒன்று. நிறம் மட்டும் அவளுக்கு எலுமிச்சம்பழம், எனக்கு அடுப்புக்கரி. பூக்கூடைக்கு இரண்டு பக்கமும் நாங்கள் உட்கார்ந்திருந்ததைப் பவுடர் விற்கிற வரதன் பார்த்தார். மறுநாளே ஒரே மாதிரிப் பச்சைப் பாவாடை இரண்டும் சிவப்பு ரிப்பன் இரண்டும் கொண்டுவந்து அம்மா மடியில் வைத்தார். பவுடர் வாங்க வருகிற பெண்கள் பூவும் வாங்குவார்கள் என்றார். அம்மா சம்மதித்தாள்.

எங்களைத் தெரிந்தவர்கள் இல்லாத தியாகராய நகருக்குப் பஸ்ஸில் போவோம். முதல் மாதம் முக்காலியில் நான். வரதன் பவுடரைப் பற்றி வாயே திறக்கமாட்டார். என்னைச் சுற்றி ஒருமுறை நடந்து வந்து, கூட்டத்தைப் பார்த்து மெல்லக் கேட்பார். "இந்தப் பொண்ணுக்கு இன்னா கொறச்சல்? கண்ணு இல்லையா? மூக்கு இல்லையா? நீங்களே சொல்லுங்க தாயி." யாரோ ஒருத்தி சிரிப்பாள். இன்னொருத்தி, "எல்லாம் இருக்கு, நிறந்தான் இல்ல" என்பாள். உடனே அவர் காதைப் பொத்திக்கொள்வார். "நான் சொல்லல. நீங்க சொல்றீங்க."

அடுத்த மாதம் அதே முக்காலியில் அக்கா. அதே பாவாடை, அதே ரிப்பன். அன்றும் அவர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. "இந்தப் பாவாடைய எங்கியாவது பாத்த ஞாபகம் வருதா? இந்த ரிப்பன?" என்று மட்டும் கேட்டார். கூட்டம் அக்காவை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு முன்வரிசையில் இருந்த மாமி ஒருத்தி கத்தினாள். "அடி, அதே பொண்ணுடி! போன மாசம் நான் என் கண்ணால பாத்தேனே!" அவ்வளவுதான், கைகள் நீண்டன. விற்றவர் அவர், பொய்யைச் சொன்னது அந்த மாமி. நான் கூட்டத்துக்குப் பின்னால் ஒரு மரத்தடியில் முக்காடு போட்டு உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தேன்.

அன்றுமுதல் அக்கா எனக்கு ஒரு பேர் வைத்தாள். "போன மாசம்." கூழ் குடிக்கக் கூப்பிட்டாலும் அதுதான், குழாயடியில் வரிசைக்கு நிற்கச் சொன்னாலும் அதுதான். "ஏய் போன மாசம், தள்ளி நில்லுடி, உன் கலரு எம்மேல ஒட்டிக்கப் போவுது."

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். அன்று திரும்பி வருகிற பஸ்ஸில் பார்த்தால், அம்மா மடியில் ஒரு பவுடர் டப்பா இருந்தது.

"இன்னாத்துக்கும்மா இது?"

"உனக்குத்தான்."

"அது அக்காம்மா. நீதானே ரிப்பன் கட்டிவுட்ட."

"எனக்குத் தெரியாதா? பெத்தவ நானு." அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாள். "ஆனா அத்தினி பேரும் பொய்யா சொல்லுவாங்க?"

இதை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன், ஒருவரும் நம்பினதில்லை. வித்தையின் உள்ளே நின்று, இரண்டு தலைக்கும் தன் கையால் பின்னல் போட்டவள் அம்மா. அவளே ஊரார் வாயைக் கேட்டு, பெற்ற வயிற்றைச் சந்தேகித்தாள். தினமும் பொழுது சாயும் வேளையில் பொடியைத் தண்ணீரில் குழைத்து என் முகத்தில் அப்புவாள். உலை கொதித்து இறங்கும்வரை கழுவக்கூடாது. எரிகிறது என்று அழுதால், "எரிஞ்சாத்தான் வேல செய்யுது" என்பாள். நான் அவளிடம் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: நீ இப்படியே இருந்தால் போதும் என்று ஒரு வார்த்தை. அது வரவில்லை. பத்தாம் நாள் இடது கன்னத்தில் தோல் உரிந்து, நாவற்பழம் அளவுக்குப் புண்ணானது.

அம்மா பயந்துபோய் வரதனிடம் இழுத்துப் போனாள். "வரதண்ணே, இதப் பாரு, தோலு உரிஞ்சிக்கினு வருது."

அவர் என் முகவாயைத் தூக்கிப் பார்த்தார். முகத்தில் ஒரு வருத்தம்கூட இல்லை. "பழைய தோலு போவாம புதுத் தோலு எப்டிம்மா வரும்? நீயே சொல்லு."

அம்மா யோசித்தாள். "ஆமா, வராது" என்றாள்.

"நான் சொல்லல. நீ சொல்ற."

அந்த வாரமே ஆழ்வார்பேட்டையில் என்னை முக்காலியில் ஏற்றினார், புண்ணோடு. ஈ மொய்த்தது, ஓட்டக்கூடாது என்று என் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொன்னார். "இந்தக் கன்னத்தப் பாருங்க தாயி. உங்க வூட்டுப் பொண்ணா இருந்தா இப்டியே வுட்ருவீங்களா?" ஒருத்தி தன் குழந்தையின் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினாள். தன் பொடி தின்ற கன்னத்தைக் காட்டியே அவர் அந்தப் பொடியை விற்றார், அம்மா கூட்டத்தில் நின்று இரண்டாவது டப்பாவுக்குக் கை நீட்டினாள். அடுத்த மாதம் அதே இடத்தில் அக்கா ஏறி நின்றபோது, "ஐயோ, புண்ணு ஆறிப்போச்சே!" என்று சிலர் அழுதேவிட்டார்கள்.

புண் ஆறியது, தழும்பு ஆறவில்லை. அக்காவைப் பெண் பார்க்க அசோக் நகரிலிருந்து வந்த அன்று என்னைக் கால்வாய்ப் பக்கம் போய் இருக்கச் சொன்னார்கள். போனேன். அதன்பின் யாரும் என்னை எங்கும் நிற்கவைக்க நான் விடவில்லை. அம்மாவின் பூக்கூடையை நாற்பது வருஷம் நானே வைத்து நடத்தினேன், ஒருநாளும் கூவி விற்றதில்லை. "இவ்ளோ அழகா பின்னிக்கினு, தலைய ஏம்மா மொட்டையா வுட்டுக்கினு கீற?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருப்பேன். திரும்பி வருவார்கள். யாராவது படித்துச் சொல்லக் கேட்டால், பத்திரிகையில் எழுதுகிறவர்களும் இதே வழிதான், "உங்கள் வீட்டிலும் இப்படித்தானே?" என்று ஆரம்பித்து, பதிலை நம் வாயாலேயே சொல்லவைப்பார்கள். நான்கூடக் கன்னத்துப் புண்ணை முன்னால் வைத்துவிட்டு, சொல்லவேண்டியதைப் பின்னால் வைத்திருக்கிறேன்.

சொல்லவேண்டியது இது. போன வருஷம் அக்கா படுத்த படுக்கையாகிவிட்டாள் என்று பார்க்கப் போனேன். முகமெல்லாம் கறுப்பாய் மங்கு படர்ந்து கிடந்தாள். எதிரே கண்ணாடி வைத்த பீரோ.

"வந்தியா, போன மாசம்" என்றாள். குரலில் பழைய ஏளனம் போய்விட்டிருந்தது. பாசமாகவே கூப்பிட்டாள் போலிருக்கிறது. "என் மூஞ்சி எப்டிடி கீது?"

நல்லாத்தான் இருக்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தையின் விலை என்னைவிட யாருக்குத் தெரியும்? நான் கட்டிலைச் சுற்றி ஒருமுறை மெல்ல நடந்து வந்தேன்.

"உனக்கு இன்னாக்கா கொறச்சல்? கண்ணு இல்லையா? மூக்கு இல்லையா? நீயே சொல்லேன்."

அக்கா கன்னத்தைத் தடவிப் பார்த்தாள். பீரோக் கண்ணாடியைப் பார்த்து, "கறுத்துப்போச்சு" என்றாள்.

"நான் சொல்லல. நீ சொல்ற."

பீரோவைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைக்கச் சொன்னாளாம், நான் கிளம்பி வந்த பிறகு. அந்த வாரமே போய்விட்டாள்.

இப்போது பனகல் பார்க் முனையில் முக்காலி இல்லை, வரதன் இல்லை, அந்த ரோஜாப் பொடியும் இல்லை. உயரத்தில் பெரிய பலகை ஒன்று இருக்கிறது. ஒரே பெண்ணின் முகம் இரண்டு, ஒன்று மங்கல், ஒன்று பளபளப்பு. வெள்ளை என்ற சொல்லை எடுத்துவிட்டு, பொலிவு என்று எழுதியிருக்கிறார்கள். அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டேன். பஸ் நிற்கிற நேரத்தில் அந்த மங்கல் முகத்தைத்தான் பார்ப்பேன். அவளை வீட்டில் என்ன பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்களோ. என் பேரைச் சொல்லிக் கூப்பிட இப்போது ஆளில்லை.